வெறும் முற்றம்

இலவசம் என்னும் சொல் இலங்கை மாணவர் சமுதாயத்துக்குப் புதியதன்று. 1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த நாள் முதலாக, கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயில் வரை வந்து சேர்ந்தது அச்சொல்லின் துணைகொண்டேயாகும். எனினும், அச்சொல் எல்லாவிடத்தும் ஒரே பொருளைத் தருவதில்லை. பல்கலைக்கழகத்தின் இலவசத்துக்குப் பின்னே சட்டம் உண்டு. வரி செலுத்தும் மக்கள் உண்டு. அது குறைக்கப்படுமாயின் ஏனென்று வினவும் உரிமையும் உண்டு. இணைய நிறுவனமொன்று வழங்கும் இலவசம் இவ்வகையைச் சார்ந்ததன்று. இவ்வேறுபாட்டைக் கலைப்பீடத்து மாணவி ஒருத்தி எந்த நூலிலும் கற்கவில்லை. 2022 ஆம் ஆண்டில் தன் கைப்பணத்தின் கணக்கிலிருந்தே கற்றுக்கொண்டாள். அவள் அதற்குக் கொடுத்த விலை ரூபாவில் அளவிடத்தக்கதன்று.

அவளது ஊர் முள்ளியவளை. 2009 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் குடும்பம் இடத்துக்கு இடம் பெயர்ந்துகொண்டிருந்தபோது, வழியில் கைவிடப்பட்ட பொருள்களுள் படங்கள் ஒட்டிய அல்பம் ஒன்றும் இருந்தது. அம்மம்மாவின் கலியாணப் படமும், மாமா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய படமும் அதிலேதான் இருந்தன. அவ்வாண்டு மாமாவும் திரும்பி வரவில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்கு மீண்டபோது, அம்மம்மாவிடம் பழைய வாழ்வின் சாட்சியாக எஞ்சியிருந்தவை அவர் நெஞ்சில் இருந்த பாடல்கள் மட்டுமே. அருவி வெட்டுக் காலத்தில் வயலிலே பாடப்பட்டவை, பிள்ளை தூங்கப் பாடியவை, கோயிலடியில் கேட்டு மனத்தில் வைத்தவை எனப் பலவும் அவற்றுள் அடங்கும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அவள் ஊர் திரும்பினாள். விரிவுரைகள் இணையவழியே நடைபெற்றன. இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் துணையுடன் பல்கலைக்கழகச் சேவையகங்களைக் கட்டணமின்றி அணுகுவதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அக்காலத்தில் வழிசெய்திருந்தன. ஆகவே, விரிவுரை கேட்பதற்கு அவளுக்குப் பணம் தேவைப்படவில்லை. மிஞ்சிய பொழுதில், இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்கு வன்னி நாட்டார் பாடல்களையே பொருளாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் தோன்றிற்று. அன்று முதல் மாலை வேளைகளில் கையடக்கத் தொலைபேசியை விறாந்தைச் சுவரிலே சாத்திவைத்து, அம்மம்மா பாடுவதைக் காணொளியாகப் பதிவுசெய்யத் தொடங்கினாள்.

தொலைபேசியின் கொள்ளளவு சிறிது. இரண்டு மாலைப் பொழுதுகளுக்குள் அது நிறைந்துவிட்டது. ஆதலால், பதிவுகளை இணையச் சேமிப்பகம் ஒன்றிலே ஏற்றி வைக்க அவள் முடிவுசெய்தாள். 15 கிகாபைற்று வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் வேண்டுமாயின், மாதம் இரண்டு டொலருக்கு 100 கிகாபைற்று கிடைக்கும். வீட்டில் இருந்தவாறே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பெற்ற பணத்தில் அதனைச் செலுத்தலானாள். நள்ளிரவுக்குப் பின் மலிவாகக் கிடைத்த இணைய இணைப்பைப் பயன்படுத்திப் பதிவுகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினாள்.

அம்மம்மாவுக்கு இது வியப்பாக இருந்தது.

“உன்ர போனுக்குள்ள இவ்வளவும் கொள்ளுமே மோனை?”

“போனுக்குள்ள இல்ல அம்மம்மா. முகிலுக்குள்ள ஏத்தி வைக்கிறன்.”

“முகிலுக்குள்ளயோ? மழை பெய்தா எல்லாம் வாய்க்காலோட போயிடுமெல்லே!”

இருவரும் சிரித்தனர். அம்மம்மா வேடிக்கையாகச் சொன்ன சொல்லில் உண்மையும் இருந்தது. முகில் என்பது பெயரளவில்தான். உண்மையில் அது எங்கோ ஒரு நாட்டில், குளிரூட்டப்பட்ட பெருங் கட்டடங்களுக்குள் இரவு பகலாய் மின்சாரம் உண்டு இயங்கும் பல்லாயிரம் கணினிகளின் தொகுதி. அங்கே வைக்கப்படும் ஒவ்வொரு படத்துக்கும் இடச் செலவு உண்டு; மின்செலவு உண்டு; ஆட்செலவு உண்டு. கட்டணமின்றி வைத்திருப்பவனுக்கும் அச்செலவு இல்லாமற் போவதில்லை; அதை விளம்பரம் தருவோரோ, கட்டணம் செலுத்தும் ஏனைய வாடிக்கையாளரோ ஏற்றுக்கொள்கின்றனர். அவர்கள் எதுவரை ஏற்பார்கள் என்பதை நிறுவனமே தீர்மானிக்கும்.

அம்மம்மா எல்லாப் பாட்டும் பாடினார். ஒப்பாரி மட்டும் பாடவில்லை. ஆய்வேட்டில் ஒப்பாரிக்கெனத் தனி இயல் அமைய வேண்டும் என்று பேர்த்தி பலமுறை கெஞ்சிக் கேட்டாள். அம்மம்மா இணங்கவில்லை. “ஆரும் சாகாத வீட்டில ஒப்பாரி வைக்கப்படாது மோனை. வீட்டுக்கு ஆகாது” என்பதே அவரது மறுமொழி. மாமாவுக்கென அவர் பாட்டுக் கட்டி வைத்திருந்தார் என்பது வீட்டார் அறிந்ததே. உடலும் காணாது, நாளும் அறியாது, முறைப்படி அழுது முடிக்காத துயரம் அது. அதை ஒருவர் முன்னிலையில் பாடும்படி வற்புறுத்துவது தகாது என்று உணர்ந்து, நாளடைவில் அவளும் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் அம்மம்மா முதுமை காரணமாகக் காலமானார். அவரது குரல் ஒன்பது மணி நேரப் பதிவாக, ஏறக்குறைய 68 கிகாபைற்று அளவில், இரண்டு டொலர் வாடகைக்கு எங்கோ இருந்தது. அவள் அதனைத் திறந்து பார்க்கவில்லை. துக்கம் ஆறவில்லை என்பது ஒரு காரணம். பத்திரமாக இருக்கின்றதே என்னும் நிம்மதி மற்றொன்று. மாதாமாதம் பணம் செலுத்துவதே கடமையைச் செய்வது போலத் தோன்றியது. வங்கிப் பெட்டகத்தில் நகையை வைத்தவர் அதை நாள்தோறும் எடுத்துப் பார்ப்பதில்லையல்லவா? அவளது மனநிலையும் அவ்வாறே இருந்தது.

2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறக்குறைய 203 ரூபா. மே மாத நடுப்பகுதியில் அது 360 ரூபாவை அண்மித்தது. நிறுவனம் விலையை ஒரு சதமேனும் உயர்த்தவில்லை. இரண்டு டொலர் இரண்டு டொலராகவே இருந்தது. ஆயினும், அவளது கணக்கில் 406 ரூபாவாக இருந்தது 720 ரூபாவாயிற்று. 1981 இல் தொடங்கப்பட்ட மகாபொல உதவித்தொகை அந்நாளில் மாதம் 5,000 ரூபா அளவினது. அதில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு, ஒருபோதும் திறந்து பாராத பதிவுகளுக்கு வாடகையாகச் சென்றது. அதே மாதங்களில் பாணின் விலையும் பேருந்துக் கட்டணமும் பிரதியெடுக்கும் செலவும் ஏறிக்கொண்டிருந்தன. வீட்டிலிருந்து பணம் கேட்பதற்கு மனம் வரவில்லை. அங்கே எரிவாயு இன்றி அம்மா மீண்டும் விறகடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

யூன் மாதத்தில் அவள் கட்டணச் சேவையை நிறுத்தி, இலவச நிலைக்கு மாற முடிவுசெய்தாள். நிறுவனத்தின் அறிவித்தல் தெளிவாகவே இருந்தது. உள்ளவை உடனே அழிக்கப்படமாட்டா. ஆனால் 15 கிகாபைற்று வரம்பினுள் வரும்வரை புதிதாக எதுவும் ஏற்க இயலாது. அக்கணக்கின் மின்னஞ்சலும் இயங்காது. ஆய்வேட்டு மேற்பார்வையாளரான விரிவுரையாளரின் திருத்தங்கள் வருவது அந்த மின்னஞ்சலுக்கே. எனவே, 68 கிகாபைற்றையும் அங்கிருந்து அகற்றியே ஆகவேண்டும்.

வெளிநிலை வன்தட்டு வாங்கலாம் எனத் தோழியர் கூறினர். ரூபாவின் வீழ்ச்சியால் அதன் விலையும் மாணவர் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தது. ஈற்றில், 64 கிகாபைற்றுப் பேனாச் செலுத்தி ஒன்று ஒருவாறு கைக்கு வந்தது. தோழி ஒருத்தியின் மடிக்கணினியை இரவல் பெற்று, பல்கலைக்கழக இணைய இணைப்பில் பதிவுகளை இறக்கத் தொடங்கினாள். அவ்வாண்டு மார்ச்சு 31 இல் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த நாட்டில் அது எளிய காரியமாயிருக்கவில்லை. பாதி இறங்கிய கோப்பு மின்வெட்டினால் அறுந்துபோகும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒன்பது நாள்கள் இவ்வாறு கழிந்தன.

68 கிகாபைற்று 64 இனுள் அடங்காது. எதையேனும் விடவேண்டும். கோப்புகளின் முகப்புப் படங்களை அவள் வரிசையாகப் பார்த்தாள். ஒன்றில் அம்மம்மா வெற்றிலை மடிக்கிறார். ஒன்றில் கைகளைத் தட்டித் தாளம் காட்டுகிறார். ஒன்றில் பொக்கை வாய் தெரியச் சிரிக்கிறார். ஒன்றில் மட்டும் எவருமில்லை. வெறும் முற்றம், மூலையில் உரல், வேலியோரத்தில் முருங்கை. எழுபது நிமிட நீளம். அது எந்நாள் எடுக்கப்பட்டது என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஊரடங்கு தளர்த்தப்பட்ட ஒரு பிற்பகலில், சங்கக்கடைக்குச் சாமான் வந்துவிட்டதென்று யாரோ கூற, தொலைபேசியைச் சுவரிலேயே விட்டுவிட்டு ஓடினாள். பதிவை நிறுத்த மறந்துபோனாள். திரும்பி வந்து நிறுத்தி, பாராமலே மேலே ஏற்றியிருந்தாள். ஏறக்குறைய ஒன்பது கிகாபைற்று அளவுக்கு வெறும் முற்றம்! அதனை அழித்தாள். மிகுதி 59 கிகாபைற்றும் பேனாச் செலுத்தியில் அடங்கின. இணையச் சேமிப்பகத்தையும் வெறுமையாக்கினாள். இலவசக் கணக்கு இயங்கத் தொடங்கியது. விரிவுரையாளரின் மின்னஞ்சல் வந்தது. பெருஞ் சுமை இறங்கிற்று என எண்ணினாள்.

சில வாரங்களின் பின், விஞ்ஞானபீடத்தில் பௌதிகவியல் பயிலும் விடுதித் தோழி ஒருத்தி பேச்சுவாக்கில் இச்செய்தியைக் கேட்டு வியந்தாள். “பாட்டுத்தானே உனக்கு வேணும்? பிறகேன் படத்தையெல்லாம் காவித் திரியிறாய்?” என்று கேட்டு, தாளொன்றை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினாள். தெளிவான காணொளி ஒரு மணி நேரத்துக்கு ஏழரைக் கிகாபைற்றுக்கு மேல் இடம் பிடிக்கும். அதே ஒரு மணி நேரத்தின் ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, விநாடிக்கு 128 கிலோபிற்று வீதத்தில் வைத்தால், 58 மெகாபைற்று மட்டுமே வேண்டும். அதாவது நூற்று முப்பதில் ஒரு பங்கு. அம்மம்மாவின் ஒன்பது மணி நேரக் குரலும் அரைக் கிகாபைற்றளவுக்குள் அடங்கியிருக்கும். இலவசமாகக் கிடைத்த பதினைந்துக்குள் அதற்குத் தொடக்கம் முதலே இடம் இருந்தது. ஏறக்குறைய இரண்டாண்டுகள் அவள் செலுத்திய வாடகை, குரலுக்கானதன்று. பெரும்பாலும் சுவருக்கும் வேலிக்கும் வானத்துக்குமானது.

அன்றிரவே ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. அப்போதுதான் அவள் முதன்முதலாகப் பதிவுகளை முழுமையாகக் கேட்டாள். அம்மம்மா ஒரே பாட்டை இரு நாள்களில் இரு வேறு விதமாகப் பாடியிருப்பதும், அடி மறந்த இடங்களில் ஊர்ப் பெயர்களைப் போட்டு நிரப்பியிருப்பதும், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் “போதுமே மோனை?” என்று கேட்டிருப்பதும் தெரியவந்தன. கட்டணம் செலுத்திய காலத்தில் இவற்றில் ஒன்றைக்கூட அவள் அறிந்திருக்கவில்லை.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது ஒலிப்பதிவுகளை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அம்மா அடுப்படியில் இருந்தவாறே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பின் கேட்டார்:

“அந்த முத்தத்துப் பாட்டு எங்க பிள்ளை?”

“எந்த முத்தத்துப் பாட்டு?”

“அண்டைக்கு நீ சங்கக்கடைக்குப் போனனி. அம்மம்மா விறாந்தையில, உன்ர போனுக்குப் பின்னால இருந்து முத்தத்தைப் பாத்துக்கொண்டு தம்பிக்குப் பாடினவ. நான் அடுப்படியில இருந்து கேட்டனான். போன் ஓடிக்கொண்டுதானே இருந்தது? நீ கேட்டிருப்பாய் எண்டு நினைச்சன்.”

தொலைபேசி முற்றத்தை நோக்கியிருந்தது. பாடியவர் அதன் பின்னே இருந்தார். படத்தில் ஆளில்லை, குரல் மட்டும் இருந்தது. வீட்டுக்குள் பாடலாகாது என்றவர், வீட்டில் எவரும் தம்மைக் கவனிக்காத ஒரு பொழுதில், திறந்த முற்றத்தை நோக்கிப் பாடி முடித்திருக்கிறார். அவள் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத பாட்டு அதுவே. முகப்புப் படத்தை நம்பி அவள் அழித்ததும் அதுவே.

அவள் உடனே கணக்கைத் திறந்து பார்த்தாள். அழிக்கப்பட்ட கோப்புகள் குப்பைக் கூடையில் முப்பது நாள் இருக்கும். அதன் பின் முற்றாக நீக்கப்படும் என்பது விதி. நாள்களை எண்ணினாள். அது நாற்பத்தோராம் நாள். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி செய்வது அவ்வூர் வழக்கம். அந்தக் குரலுக்கும் அந்நாள் கடந்திருந்தது. செய்தவரும் இல்லை; அறிந்தவரும் இல்லை.

இதற்காக நிறுவனத்தைக் குறை கூறுதல் நியாயமாகாது. சொன்னபடி இடம் தந்தது, சொன்னபடி அறிவித்தது, சொன்னபடி நீக்கியது. உண்மையில், பல நிறுவனங்கள் இந்த அளவுக்குக்கூடச் சொன்ன சொல்லில் நிலைத்து நிற்பதில்லை. பல்லாயிரம் மக்களின் இணையப் பக்கங்களைக் கொண்டிருந்த ஜியோசிற்றீஸ் 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. பிளிக்கர் 2013 இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைற்று இலவச இடம் தந்தது. 2018 நவம்பரில் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படங்களே வரம்பு என அறிவித்தது. கூகிள் 2015 இல் அளவின்றிப் படங்களை வைத்திருக்க வழங்கிய இலவச வசதி 2021 யூன் முதலாம் திகதியுடன் முடிவுற்றது. இவை வஞ்சனைகள் அல்ல, வணிகத்தின் இயல்புகள். தருபவர் தம் வசதிக்குத் தருகின்றார். தம் வசதிக்கு நிறுத்துகின்றார். கட்டணம் செலுத்தினால் இவ்வியல்பு மாறிவிடும் என எண்ணுவதும் பிழை. கட்டணம் நின்ற மாதத்தில் உரிமையும் நின்றுவிடுகின்றது. குடியிருப்பவர் எப்போதும் வாடகைக் குடியிருப்பாளரே.

ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைப்பதன் ஆபத்தை ஈழத் தமிழர் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றுடன் ஓலைச் சுவடிகளும் அழிந்தன. வேறிடங்களில் பிரதி இருந்த நூல்களைத் தேடிப் பெற முடிந்தது. ஒற்றைப் பிரதியாய் இருந்தவை போனவையே. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். அதுவும் இலவசமே. ஆனால், அந்த இலவசத்தின் செலவைத் தன்னார்வலரும் நன்கொடையாளரும் அறிந்தே சுமக்கின்றனர். அங்கே சேர்க்கப்படும் ஒன்றைப் பலர் தம்முடையதெனக் கருதுகின்றனர். இலவசக் கல்வியும் இவ்வினத்தது. யார் சுமக்கின்றார்கள் என்பதும், எதற்காகச் சுமக்கின்றார்கள் என்பதும் தெரிந்த இலவசத்தில் சாய்ந்து நிற்கலாம். அவை தெரியாத இலவசத்தைப் பயன்படுத்தலாம். சாய்ந்து நிற்றல் ஆகாது.

எனினும், இவ்வாறு பொதுமையாகச் சிந்திப்பதால் மட்டும் அவளது மனம் ஆறிவிடவில்லை. ரூபா வீழ்ந்தது அவளது குற்றமன்று. ஆனால், எழுபது நிமிடத்தில் இரண்டு நிமிடத்தையேனும் கேட்டுவிட்டு அழித்திருக்கலாம். அதற்குப் பணமும் தேவையில்லை. மின்சாரம் வந்துபோன இடைவெளியே போதியது.

விடுமுறையின் இறுதி நாளில் அம்மாவை விறாந்தையில் இருத்தி, முற்றத்துப் பாட்டில் நினைவுள்ளதைப் பாடும்படி கேட்டாள். அம்மா நெடுநேரம் பேசாதிருந்தார்.

“எனக்கு முழுக்க வராது பிள்ளை. தம்பியின்ர பேர் வாற இடம் மட்டும் தெரியும்.”

அந்த நான்கு அடிகளை அம்மா பாடினார். இரண்டாம் முறை பாடச் சொல்லி அவள் கேட்கவில்லை. மூன்று நிமிடப் பதிவு; மூன்று மெகாபைற்றுக்கும் குறைவு. அதனைப் பேனாச் செலுத்தியில் ஒன்றும், விடுதித் தோழியின் கணினியில் ஒன்றும், இலவசக் கணக்கில் ஒன்றுமாக மூன்று இடங்களில் வைத்தாள். அதற்கு முன் ஒருமுறை முழுவதும் கேட்டாள். ஆய்வேட்டின் ஒப்பாரி இயலில் அந்த நான்கு அடிகளும் இடம்பெற்றன. எஞ்சியவை ஏன் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் ஓரடிக்குறிப்பில் எழுதினாள்.

அவள் இன்றும் அந்த இலவசக் கணக்கையே பயன்படுத்துகிறாள். கடிதங்கள், பாடக்குறிப்புகள், அம்மம்மாவின் ஒலிப்பதிவுகள் யாவும் சேர்ந்து இரண்டரைக் கிகாபைற்றைத் தாண்டவில்லை. கணக்கைத் திறக்குந்தோறும் மேல் மூலையில் சிறு கோடொன்று தோன்றி, இன்னும் பன்னிரண்டு கிகாபைற்றுக்கு மேல் வெறுமையாக இருக்கின்றது எனக் காட்டும். அம்மம்மா முற்றத்தை நோக்கிப் பாடிய எழுபது நிமிடக் குரலுக்கு அதில் 67 மெகாபைற்றே போதுமாயிருந்திருக்கும்.